ஆட்சேபணை இல்லை

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, கால் ஆடும். இப்படி சோபாவுல வாங்க. செருப்பை வெளியில விட்டுட்டீங்களா? பக்கத்து ஊட்டு நாய் கவ்விக்கிட்டுப் போயிரும். விடுங்க, போனாப் போகுது, செருப்புதானே.

அந்தக் காயிதத்தை டீப்பாய் மேல வைங்க. கையிலயே புடிச்சுட்டு இருந்தா வேர்வையில ஊறிப்போகும். என்ன காயிதம்னு எனக்குத் தெரியுமுங்க. முத்துப்பேச்சி கைடு மாத்திக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு, இப்பக் கைடா இருக்கற நான் கையெழுத்துப் போடணும். அது இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள ஆராய்ச்சிப் பிரிவுல போய்ச் சேரணும். சேராட்டி அம்மிணியோட பதிவு காலாவதி. பிஎச்டி போச்சு, படிச்ச வருசமெல்லாம் போச்சு. அதானுங்களே? இந்த விதியை எழுதின கமிட்டியில நானும் ஒரு ஆளுங்க. எழுதினவனுக்குத் தெரியாதுங்களா?

பயந்துக்காதீங்க. போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. ஒரு கையெழுத்துப் போட எத்தனை நேரமாகும்? ஆனா ஊட்டுக்கு வந்தவரு ஒரு வாய் காபி குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்? சரசு! ரெண்டு காபி போடு. தம்பிக்குச் சக்கரை போடலாமுங்களா? போடலாமாம்!

நீங்க பேச்சியோட ஊட்டுக்காரருன்னு கேட்டுல பாத்தப்பவே கண்டுபுடிச்சுட்டேன். கல்யாண போட்டோ ஒருதரம் காட்டியிருக்குது. சுடலைமணிதானுங்களே பேரு? நல்ல தெக்கத்திப் பேரு. உங்க பக்கம் சாமி பேரை முழுசா வைக்காட்டி தூக்கமே வராதாட்டம் இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, நான் இன்னாரு இனியாருன்னு பாக்கறவன் இல்லை. என்ற டிபார்ட்மென்ட்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்.

அம்மிணி எங்க இருக்குது இப்ப? ஆபீஸ் வாசல்லயா? மத்த காயிதமெல்லாம் கையில வெச்சுட்டு நிக்குதாக்கும். இந்த வெயில்லயா? அடடா. வந்திருக்கலாமே நேர்ல. என்ற மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு உங்களை அனுப்பிச்சிருக்குது. அதுதானுங்க எனக்கு வலிக்குது. கையெழுத்துக் கிடக்குது கழுதை, அது போட்டுக்கலாம். ஆனா என்ன நடந்துதுன்னு நீங்க ஒரு பக்கம்தான் கேட்டிருப்பீங்க. இன்னொரு பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

கடியாரத்தைப் பாக்காதீங்க தம்பி. ஆபீஸ் எங்க ஓடிப்போகுது? வண்டியில போனாக் கூப்பிடு தூரம்.

இன்டராக்‌ஷன் டிசைன்னா என்னன்னு அம்மிணி உங்களுக்குச் சொல்லியிருக்குதுங்களா? சொல்லியிருக்காது. ஊட்டுல போய் யாரு இதெல்லாம் பேசறாங்க. நீங்க லேத்துப் பட்டறையில நிக்கறவருதானே? மிசின்ல ஒரு சிவப்புப் பட்டன் இருக்குதில்லீங்க? அதை எங்க வைக்கிறது, எத்தனை பெருசு, அமுக்கினா மிசின் உங்களுக்கு என்ன பதில் சொல்லணும், இதையெல்லாம் யோசிச்சு வெக்கிறதுதான். ஆளும் மிசினும் பேசிக்கிற இடத்துல உக்காந்து ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்துப் பண்ற வேலை. அந்தப் பஞ்சாயத்துல நான் நெம்ப வருசமா இருக்கறேன். என்ற முதல் வகுப்புல முதல் நாள் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: எதிர்ல இருக்கறவன் என்ன சொல்றான்னு காது குடுத்துக் கேளு. நம்ம கேக்க விரும்பறதை அவன் சொல்றான்னு நினைச்சுக்காதே. பையனுங்க எழுதிக்குவாங்க.

அம்மிணி என்கிட்ட வந்தப்ப என்ன நிலைமையில வந்துதுன்னு தெரியுமா? கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துது. அதுக்கு முன்னாடி ஒரு கம்பெனியில ஸ்கிரீன் டிசைன் பண்ணிட்டிருந்துது, ஆஸ்பத்திரிங்கள்ல டோக்கன் மிசின் வெக்கிறாங்களே, அதுக்கு. அங்க ஒருநா பல்லடத்துக்காரர் ஒருத்தரு, தறி ஓட்டறவரு, சம்சாரத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டு வந்திருக்காரு. மிசின்ல நம்பரு போட்டதும் என்னமோ வந்திருக்குது, 'குறித்த நேரம் கடந்துவிட்டதால் உங்கள் முன்பதிவு நீக்கப்படும்'னு. கீழ 'சரி'ன்னு ஒரு பட்டன். அவரு அமுக்கிட்டாரு. அமுக்கிட்டுப் போய் பெஞ்சுல உக்காந்துட்டாரு. பொழுதுக்கும் உக்காந்திருக்காங்க ரெண்டு பேரும், அந்தம்மா வெறும் வயித்தோட. பேரைக் கூப்பிடவே இல்லை. எப்படிக் கூப்பிடுவாங்க, அதான் நீக்கியாச்சே!

அன்னைக்குன்னு பாத்து உங்க ஊட்டுக்காரி அங்க நின்னிருக்குது, மிசின் எப்படி ஓடுதுன்னு பாக்கறதுக்கு. "எதுக்கண்ணே சரின்னு அமுக்குனீங்க?"ன்னு அவருகிட்டப் போய்க் கேட்டிருக்குது. அவரு சொன்னாராம்: "அது என்னமோ சொல்லுச்சுங்க. நான் சரின்னேன்."

இத்தனைதாங்க. இந்த ஒரு பேச்சைப் புடிச்சுக்கிட்டு வேலையை விட்டுப்போட்டு ஆராய்ச்சிக்கு வந்துபோட்டா. "சார், நம்மாளுக சரின்னா சம்மதம்னு மட்டும் அர்த்தமில்ல சார். நீங்க பேசறது காதுல விழுதுன்னு அர்த்தம். மேல சொல்லுங்கன்னு அர்த்தம். ஆளை விடுங்கன்னு அர்த்தம். வேற வழி தெரியலன்னும் அர்த்தம். நான் எல்லாத்தையும் சம்மதம்னு எடுத்துக்கிட்டுப் பட்டன் போட்டுட்டேன். நான் போட்ட ஒவ்வொரு திரையையும் நானே திரும்ப எடுத்துப் பாக்கணும் சார். என் கையி எங்க தப்புச்சுன்னு பாக்கணும்." இப்படி உங்க ஊரு இழுவையில சொல்லுது.

எனக்குச் சிரிப்பு வந்துது. பட்டன் பேரை மாத்தினா முடிஞ்சுது வேலை, இதுக்கு ஒரு பிஎச்டியா? ஆனா பாவம் பாத்தேன். என்கிட்ட அப்ப ஒரு இடமும் காலியா இருந்துது. சேத்துக்கிட்டேன். தான் செஞ்ச வேலையைத் தானே புரட்டிப் பாக்கறது ஒரு முறைதான், எங்க துறையில அதுக்கு மரியாதை உண்டு. ஆனா அதைப் பண்றதுக்கு ஒரு பக்குவம் வேணும். தன்னையே கண்ணாடியில பாக்கற தைரியம் வேணும். அது எல்லாருக்கும் வராது.

காபி வந்துருச்சு பாருங்க. எடுத்துக்குங்க, அந்தப் பேப்பர் கப்பு உங்களுது. எவர்சில்வர் என்னுது. அது ஒண்ணுமில்லீங்க, என்ற சம்சாரம் சரசுக்குக் கழுவற வேலை மிச்சம்.

சூடா இருக்குதா? மெதுவாக் குடிங்க.

என்கிட்ட அம்மிணிக்கு என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க. என்ற வகுப்பையெல்லாம் அம்மிணி கையில குடுத்தேன். எந்தக் கைடு குடுப்பான்? அவனவன் ஸ்காலரை வகுப்பு வாசல்ல கூட விட மாட்டான். "காலையில முதல் வகுப்பை நீயே பாத்துக்கிறியா அம்மிணி?"ன்னு கேட்டேன். "சரி சார்." அந்த வருசம் பூரா பாத்துக்குச்சு. பேப்பர் திருத்தறதும் அப்படித்தான், பிள்ளைங்க கையெழுத்தைப் படிச்சாத்தான் மனுசங்க எப்படித் தப்புப் பண்றாங்கன்னு புரியும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். என்ற பெரியவ கல்யாணத்துக்குப் பத்திரிகை டிசைன் பண்ணுனது யாருன்னு நினைக்கறீங்க? ஊரே கேட்டுது, யாரு பண்ணுனதுன்னு. மண்டபத்துல வரவேற்புல நிக்கறியான்னேன், "சரி சார்." பட்டுச்சேலை கட்டிட்டு வந்து பன்னீர் தெளிச்சுது. ஊட்டுப் பிள்ளையாட்டம். சரசுக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போனதும் அதுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருக்குமா? கேட்டுப் பாருங்க. நானென்ன கத்தியைக் காட்டுனேனா? கேட்டேன், சரின்னு சொல்லுச்சு. கேக்காமப் பண்ணச் சொல்லியிருந்தா அது தப்பு. நான் ஒவ்வொண்ணையும் கேட்டுத்தான் பண்ணுனேன்.

நீங்க தலையாட்டறீங்க. உங்களுக்குப் புரியுது. பட்டறையில வேலை பாக்கறவருக்குப் புரியுது, படிச்ச அவளுக்குப் புரியலை.

பேரு விசயம் சொல்லியிருப்பாளே? அதைத்தான் பெருசாச் சொல்லியிருப்பா. நானே சொல்றேன் கேளுங்க. எங்க பேப்பரை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பறப்ப யோசிச்சேன். முத்துப்பேச்சின்னு போட்டா எந்த வெள்ளைக்காரன் வாயில நுழையும்? நம்ம ஊருலயே பாதிப்பேரு சிரிக்கறாங்க. அம்மிணியோட நல்லதுக்குத்தான் 'மித்ரா'ன்னு போட்டேன். சின்னப் பேரு, சினேகிதின்னு அர்த்தம், எத்தனை அழகு! அனுப்பறதுக்கு முன்னாடி காட்டுனேனே. "மித்ரா, எப்படி இருக்குது?"ன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னுது. பொறவு "சரி சார்"னுது. முதல் பேரு என்னுது, ரெண்டாவது பேரு மித்ரா. பேப்பர் வந்துது, அதுக்கடுத்து இன்னொண்ணும் வந்துது. அம்மிணிக்குச் சாக்லேட் வாங்கிக் குடுத்தேன்.

ஆராய்ச்சிப் பிரிவுல இருக்கறவங்க ஒரு மாதிரி ஆளுங்க. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போனா, "பேப்பர் வெளியாகியிருக்கணும்மா. இது யாரோ மித்ரா எழுதினது. உங்க பேரு முத்துப்பேச்சி"ன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு கைடு ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். நானும் குடுக்கறேன்னுதான் சொன்னேன். டைப் கூடப் பண்ணி வெச்சிருந்தேன். அதுக்குள்ளதான் அம்மிணியோட ஆராய்ச்சியைப் பாக்கற கமிட்டி வந்துது.

இருங்க, உங்க போன் அடிக்குது. எடுங்க, எடுங்க. அம்மிணிதானே? சொல்லுங்க, சார்கிட்டத்தான் உக்காந்திருக்கேன், இப்ப ஆயிரும்னு சொல்லுங்க. பதட்டப்பட வேண்டாம்னு சொல்லுங்க. காபி குடுத்தாங்கன்னும் சொல்லுங்க.

வெச்சுட்டாளா? சரி.

அந்தக் கமிட்டியில என்ன நடந்துதுன்னா, ஸ்காலர் தான் பண்ணுன ஆராய்ச்சியைக் கமிட்டி முன்னால வாசிச்சுக் காட்டணும். நான், எங்க டிபார்ட்மென்ட் புரொபசர் ஹெப்சிபா மேடம், வெளியூருல இருந்து வந்த பெரிய மனுசன் ஒருத்தரு, இன்னும் சில பேரு. அம்மிணி ஒவ்வொரு அத்தியாயமாக் காட்டிட்டு வருது. டோக்கன் மிசினு, பஸ் டிக்கெட் மிசினு, எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசி அத்தியாயம்னு ஒண்ணைப் போட்டா. நான் பாத்ததே இல்லை அதை. என்கிட்டக் குடுத்திருந்தாளாம். எனக்கு எங்க நேரம், நான் படிக்கலை. அதுல இருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம்.

'ஒரு அறை. அறையில் ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்கிறார். இந்தப் பக்கம் ஒருத்தி சரி என்கிறாள். இந்தச் சரிகளில் எது சம்மதம், எது பயம், எது களைப்பு என்று சொன்னவளுக்கே இப்போது தெரியவில்லை. திரையை வடிவமைத்தவள் திரைக்கு முன்னால் நின்றவர்களைத் தேடி ஊரெல்லாம் போனேன். இந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது நான்தான்.'

வாசிச்சுப்போட்டுத் தண்ணி குடிக்கறா.

அந்த வெளியூருக்காரரு பொல்லாத ஆளு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, "அந்த மேசை எந்த மேசைம்மா?"ன்னாரு. "ஒரு மேசை சார்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. ஹெப்சிபா மேடம் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, நான் பாத்தேன். நானும் சிரிச்சேன் தம்பி. எல்லாரும் சிரிக்கறப்ப நான் சிரிக்காட்டி அந்த மேசை என்னுதுன்னு ஆயிருமில்லீங்க? வாய் வலிக்கற அளவுக்குச் சிரிச்சேன். அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறு இறங்கலை. நான் அழுதேன்னா நம்புவீங்களா? பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். சொந்தப் புள்ளை கன்னத்துல அறைஞ்சாப்பல இருந்துது.

அது என்ற மேசையே இல்லை, அதை முதல்ல சொல்லிப்போடறேன். என்ற மேசைக்கு அந்தப் பக்கம் சேரு போட்டிருக்குது. நான் யாரையும் நிக்க வெச்சதில்லை. அவளா நிப்பா, உக்காருன்னு நான் தனியாச் சொல்லணுமா?

அடுத்த நாள் கூப்பிட்டேன். கோவமெல்லாம் படலை. தன்மையாத்தான் சொன்னேன். "அம்மிணி, ஆய்வேடு நல்லா வந்திருக்குது. அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் ஒட்டலை. அது ஆராய்ச்சி இல்லை, பொலம்பல். எடுத்துரு. எடுத்துட்டுக் கொண்டா, கையெழுத்தும் போடறேன், அந்தப் பேரு லெட்டரும் தர்றேன்."

என்ன சொன்னான்னு நினைக்கறீங்க?

"யோசிக்கிறேன் சார்"னா.

யோசிக்கிறாளாம்! இத்தனை வருசத்துல என்கிட்ட அந்த வார்த்தையை அவ சொன்னதே இல்லை தம்பி. யோசிக்கிறதுக்கு என்ன இருக்குது இதுல? கைடு சொல்றான், ஸ்காலர் செய்யணும். "என்ன யோசனை?"ன்னேன். "அந்த அத்தியாயத்த எடுத்துட்டா மத்த அத்தியாயமெல்லாம் பொய்யாயிரும் சார். ஊர்ல உள்ளவக சரியெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு என் சரிய மட்டும் மறைச்சா அது திருட்டு சார்"னா. நின்ன இடத்தை விட்டு நகரலை. திருட்டுன்னு என்ற ரூம்ல, என்ற மூஞ்சிக்கு நேரா.

"சரிம்மா, போயிட்டு வா"ன்னேன். அவ்வளவுதான். நான் சம்மதிச்சேன்னு அவ நினைச்சிருப்பா போலிருக்குது. லெட்டர் வாங்க மறுநாள் சிரிச்ச மூஞ்சியா வந்து நிக்கறா! நான் சரின்னா சம்மதம்னு அர்த்தமா? இது கூடத் தெரியாம ஆராய்ச்சி பண்ணியிருக்கா பாருங்க.

அதுக்கப்புறம் நான் கொஞ்சம் பிசியாயிட்டேன். அம்மிணி வரும், வராண்டாவுல நிக்கும், நான் மீட்டிங்ல இருப்பேன். பொழுது சாயற வரைக்கும் நின்னுட்டுப் போகும். அடுத்த நாளும் வரும். வேணும்னு பண்ணலீங்க. ஒரு ஆளுக்கு எத்தனை வேலை! சிங்கப்பூருல ஒரு மாநாட்டுக்கு வேற கூப்பிட்டிருந்தாங்க. அந்தா, டிவி மேல இருக்குது பாருங்க கண்ணாடிக் கோப்பை, அது அங்க குடுத்தது. என்ன பேசுனேன்னு கேளுங்க. 'சரி' பத்தித்தான் பேசுனேன். தமிழன் சரின்னா அது சம்மதம் இல்லை, காதுல விழுதுன்னு அர்த்தம், விடுங்கன்னு அர்த்தம், வேற வழி தெரியலைன்னு அர்த்தம். பல்லடத்துக்காரரு கதையையும் சொன்னேன். சபையே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு தம்பி. ஒரு ஜப்பான்காரி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஸ்காலர் பண்றதெல்லாம் கைடோடதுதானுங்க. உங்க பட்டறையில நீங்க கடைஞ்ச சாமானை முதலாளி பேருலதானே விக்கறாங்க? நீங்க போய் சண்டை போடறீங்களா? அந்தக் கருத்து இவகிட்டயே கிடந்து வீணாப் போகக் கூடாதுன்னுதான் நான் எடுத்துட்டுப் போனேன். மித்ரான்னு கடைசி ஸ்லைடுல நன்றி கூடப் போட்டிருந்தேன்.

இப்ப ஹெப்சிபா மேடம் அம்மிணியைச் சேத்துக்கறாங்களாம். 'நான் கைடா இருக்கறேன், அந்த அத்தியாயத்தோடவே சமர்ப்பிக்கலாம், பேருக்கு நான் லெட்டர் தர்றேன்'னு சொல்லியிருக்காங்க. நல்ல மனசு. மாத்தறதுக்குப் பழைய கைடு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னாப் போதும். சொல்ல மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? அம்மிணி மெயில் போட்டுது, நான் 'பார்க்கிறேன்'னு பதில் போட்டேன். திரும்பப் போட்டுது, 'பார்க்கிறேன்'னேன். மரியாதையா ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டிருக்கேன். அவளுக்குப் பொறுமை இல்லை. இன்னைக்கு நான் லீவு. லீவு நாள்ல ஊட்டுக்கு ஆளை அனுப்பிச்சிருக்கா. வேற யாராச்சும்னா கேட்டுலயே அனுப்பிச்சிருப்பாங்க. நான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசிட்டிருக்கேன்.

என்ன சரசு? உள்ள இருந்தே சொல்லு, கேக்குது.

"பாவங்க, அந்தத் தம்பி எத்தனை நேரமா உக்காந்திருக்குது. போட்டுக் குடுத்து அனுப்பிருங்களேன்"ங்கறா. பாத்தீங்களா, எத்தனை இளகின மனசு. நீ உள்ள போ சரசு, ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம். போயிட்டா. கல்யாணமானதுல இருந்து இப்படித்தான், நான் என்ன சொன்னாலும் "சரிங்க"ன்னு ஒரே வார்த்தை, உள்ள போயிருவா. மறுபேச்சே கிடையாது. அதனாலதான் நாங்க சந்தோசமா இருக்கோம்.

எந்திரிக்காதீங்க தம்பி. கை எதுக்குக் கும்பிடறீங்க, உக்காருங்க. கால்ல எல்லாம் விழ வேண்டாம், எனக்குப் புடிக்காது அதெல்லாம். நான் என்ன மிட்டாதாரா? போடறேன், போடறேன். கொண்டாங்க காயிதத்தை.

அதென்ன பேனா, நீலமா? நீலம் ஆகாதுங்க. புரொபசர் கையெழுத்துன்னா பச்சை மைதான். நீலத்துல போட்டா, இது யாரு போட்டதுன்னு திருப்பிவிட்டுருவாங்க. அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்பா உங்க ஊட்டுக்காரி. சரசு! என்ற பச்சைப் பேனா எங்க? மேசை இழுப்பறையில பாரு. இல்லையா? அலமாரியில பாரு, பூசை ரூம்ல பாரு. நேத்துப் பேரன் எடுத்து விளையாண்டுட்டிருந்தான். இருங்க தம்பி, நானே பாக்கறேன். நீங்க அந்த ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

இருங்க, இருங்க.

ஆங், கிடைச்சுது. நான் போட்டிருக்கற சட்டைப் பையிலதான் இருந்திருக்குது! வயசாகுதில்லீங்க. சிரிங்க தம்பி, இத்தனை இறுக்கமா இருந்தா உடம்புக்கு ஆகாது.

போன் திரும்ப அடிக்குது பாருங்க. இருக்கட்டும், அடிக்கட்டும், கையெழுத்துப் போடறப்ப நீங்க பேசினா என்ற கவனம் சிதறும்.

என்ன எழுதியிருக்குது? 'எனது மேற்பார்வையில் பயின்றுவரும் முத்துப்பேச்சி.' ம். 'எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' நிசமாவே இல்லைங்க. 'எவ்வித'ங்கறதுல 'வ்'வுக்குப் புள்ளி போட்டிருக்குதா? போட்டிருக்குது. சுத்தமாத்தான் டைப் பண்ணியிருக்குது. கை வேலையில அம்மிணியைக் குத்தம் சொல்ல முடியாது.

இந்தாங்க. போட்டாச்சு. எப்படி விழுந்திருக்குது பாருங்க, ஒரு பிசிறு இல்லை. கீழ தேதி போடறேன், இன்னைக்குத் தேதிதான். நான் முன்தேதி பின்தேதி போடற ஆளு இல்லை. என்ற சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. மை காயட்டும், மடிச்சுராதீங்க, மறுபக்கம் ஒட்டிக்கும்.

ஹாரன் சத்தம் கேட்டுதுங்களா? ஜன்னல் வழியாப் பாருங்க, மஞ்சள் பஸ்சு திரும்புதே. அது எங்க யுனிவர்சிட்டி ஸ்டாஃப் பஸ். முன்சீட்டுல உக்காந்திருக்கறது ஆராய்ச்சிப் பிரிவு சூப்பிரண்டு. நல்ல மனுசன், தினமும் இந்த முக்குல எனக்குக் கை காட்டாமப் போக மாட்டாரு. அந்தா, காட்டிட்டாரு.

ஆமாங்க. மூடிட்டுத்தானே வருவாங்க?

எங்க ஓடறீங்க தம்பி? பஸ்சைப் புடிச்சு என்ன பண்ணுவீங்க? ரோட்டுல வெச்சு அவரு காயிதம் வாங்குவாரா? பூட்டுன ஆபீசை யாரு தொறப்பாங்க? நாளைக்குக் காலையில போனா, பதிவே இல்லாத ஆளுக்குக் கைடு மாத்த முடியாதும்பாங்க, அதுதான் விதி. வருத்தமா இருக்குது எனக்கு. ஆனா என்ற பக்கம் ஒண்ணும் இல்லை, நீங்களே சாட்சி. வந்தீங்க, கேட்டீங்க, போட்டுக் குடுத்துட்டேன். கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கலாம்.

செருப்பு இருக்குதா? இருக்குது, நாய் எடுக்கலை.

தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. அம்மிணிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அழ வேண்டாம்னு சொல்லுங்க. புதுசாப் பதிஞ்சுக்கலாம், ஒண்ணாம் வருசத்துல இருந்து. ஹெப்சிபா மேடத்துகிட்டப் புதுசாப் பதியறவங்களுக்கு இடம் இருக்காது, நான் விசாரிச்சுட்டேன். என்கிட்டயே வரச் சொல்லுங்க, நான் எதையும் மனசுல வெச்சுக்கறவன் இல்லை. எனக்கும் இத்தனை ஸ்காலருக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்குது, எல்லா இடமும் நிறைஞ்சுதான் கிடந்துது. நாளைக்குக் காலையில ஒண்ணு காலியாகுது. அம்மிணியோட இடம்தான்.